அனந்தசயனனும் மேத்தன் மணியும்

"உடம்பு தேறட்டும், பத்மநாபனைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன்" என்று வீட்டுப் பெரியவர்களுக்காக நேர்ந்துகொள்வது குமரி மாவட்டத்தில் வழக்கம். காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிடுவார்கள். பயணம்தான் தள்ளிக்கொண்டே போகும். நம்மாழ்வாரோ அந்த அனந்தபுரத்துக்கு, அதாவது திருவனந்தபுரத்துக்கு, 'இன்றே' போவோம் என்றார்.

கிளம்பியாயிற்று என்றால் இனி எல்லாம் நேரக்கணக்குதான். பத்மநாபசுவாமி கோயிலில் விடிகாலை 3.30 முதல் 4.45 வரை நிர்மால்யம் என்னும் முதல் தரிசனம். பிறகு 6.30 முதல் 7.00, 8.30 முதல் 10.00, 10.30 முதல் 11.10, 11.45 முதல் 12.00. மாலையில் 5.00 முதல் 6.15, 6.45 முதல் 7.20. விழா நாட்களில் மாறும். அன்றைய பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை 7.05க்கு வந்து சேர்ந்தவர் 8.30 வரை நிற்கவேண்டியதுதான். முழங்கால் வலிக்காரர்களை அழைத்துப்போனால் 8.30 நடையே நல்லது, ஒன்றரை மணி நேரம் திறந்திருக்கும். 11.45 நடையை நம்பவே வேண்டாம், கால்மணி நேரம்தான். ஆண்கள் சட்டை கழற்றி வேட்டியோடு, பெண்கள் சேலையோடு போகவேண்டும். சுடிதார் என்றால் மேலே ஒரு வேட்டி சுற்றவேண்டும். இதற்கும் செல்போனை ஒப்படைக்கவும் தனியாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள். "சீக்கிரம் தரிசனம், வாங்க" என்று தெருவிலேயே கையைப் பிடிப்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அவர்களால் மூடிய நடையைத் திறக்க முடியாது.

வெயிலிலிருந்து உள்ளே வந்த கண்ணுக்கு எண்ணெய் விளக்கில் ஒன்றும் தெரியாது. சந்நிதிக்கு முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறும் முன்பே அரை நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டால், முதல் வாசலைக் கோட்டைவிட மாட்டீர்கள். பள்ளிகொண்ட 18 அடி நீளப் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான். முதல் வாசலில் திருமுகம், சிவலிங்கத்தின் மேல் தொங்கும் வலக்கை. நடுவாசலில் நாபிக்கமலம். மூன்றாவதில் திருவடி. நேபாளத்துச் சாளக்கிராமங்கள் 12,008 சேர்த்துக் கடுசர்க்கரை என்னும் சாந்துக் கலவையில் வார்த்த மேனி. பின்னால் தள்ளுகிறார்கள், "நீங்கு, நீங்கு" என்கிறார்கள், தள்ளட்டும். பெரியவரை மூன்றாம் வாசலில் மட்டும் ஒரு மூச்சு நேரம் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். முகம் கிடைக்காமல் போனாலும் பாதம் போதும். அப்பனே, அனந்தா!

போன் கையில் இல்லாமல் வெளியே வந்தவருக்கு மணி காட்ட மேத்தன் மணி என்ற கடிகாரம் இருக்கிறது. கிழக்கு நடைக்கு வெளியே, பத்மதீர்த்தத்துக்கு அருகே, கருவேலப்புர மாளிகையின் முகப்பில் அண்ணாந்து பாருங்கள். தாடிக்காரர் முகம், இரு பக்கமும் ஒவ்வோர் ஆட்டுக்கடா. மணி அடிக்க அடிக்க வாய் திறக்கும், கடாக்கள் கன்னத்தில் முட்டும். வஞ்சியூர் குளத்தூக்காரன் கைவேலை என்பார்கள். 12 மணி நடை சாத்தும் வேளையில் வெளியே வந்தால்தான் முழுசாகப் பன்னிரண்டு முட்டு. ஒரு மணிக்கு வந்தால் ஒன்றோடு சரி. பழுதாகி நின்றுபோவதும் மறுபடி ஓடுவதும் அதற்குப் புதிதல்ல. ஆகவே ரயிலை மட்டும் அதை நம்பிப் பிடிக்காதீர்கள்.

இன்னொரு கடிகாரம் கோபுரமேதான். மார்ச் 21, செப்டம்பர் 22 ஒட்டிய மாலைகளில் கிழக்கே நின்றால், மறையும் சூரியன் ஏழுநிலைக் கோபுரத்தின் நடு வாசல்களில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்குவான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் சூரியன் ஏறக்குறைய நேர்க்குத்தாக விழுகிறான். சாய்ந்து விழுந்தால் வாசலுக்கு வாசல் தப்பிவிடும். மறையும் இடம் அந்த நாட்களில் தினம் 0.4 பாகை நகர்கிறது, சூரியனின் அகலமே அரைப் பாகைதான். நான்கைந்து நாள் தாமதித்து வந்தால் சுவரைத்தான் பார்க்கலாம். மேகம் மூடினாலும் போச்சு.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் வருகிறாள், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே. குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் நகரம். அம்மன் அமரும் நவராத்திரி மண்டபம் மேத்தன் மணியின் பக்கத்தில்தான். அவள் புறப்படும் பத்மநாபபுரம் அரண்மனையிலும் கடிகாரம் வைத்த மணிமாளிகை உண்டு. கயிற்றில் தொங்கும் எடை கீழே இறங்க இறங்க அந்தக் கடிகாரம் ஓடுகிறது. எடை அடிவரை இறங்கும் முன்பே சுற்றி ஏற்றவேண்டும், மறந்தால் நிற்கும். திரும்பும் வழியில் தக்கலையில் இறங்கி அந்த அரண்மனையைப் பார்க்கலாம், திங்கட்கிழமை தவிர.

அதற்கு முன் கோயில் பால்பாயசம் வாங்கினீர்களா? பெரியவருக்கு ஒரு வாய் கொடுங்கள். முடிச்சவிழ்த்துக் காணிக்கை போட்டாயிற்று, பாதம் பார்த்தாயிற்று. பத்மநாபா, அதுவரை அவரை வைத்திருந்தாயே!