உள்ளே விடுவதற்கு முன்

பாதுகாப்பான இணையவழிக் கூட்டம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "யாராவது ஹேக் பண்ணிடுவாங்களா?" என்பதுதான். பண்ணலாம். ஆனால் இந்த வேலையில் நான் அதிகம் பயந்தது வெளியிலிருந்து நுழையப் பார்ப்பவர்களைக் கண்டு அல்ல. முறையாக அழைக்கப்பட்டு, சரியான பாஸ்வேர்டோடு, நல்ல மனதோடு உள்ளே வருகிறவர்களைக் கண்டுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளியே கசியக் கூடாத கூட்டங்கள் சில உண்டு. இயக்குநர் குழு கூடுவது, இரண்டு நிறுவனங்கள் இணைவது பற்றிய பேச்சு, ஓர் ஊழியர் மீதான ஒழுங்கு விசாரணை, இன்னும் வெளியிடாத ஆய்வு முடிவுகளை வைத்து நடக்கும் விவாதம். அவற்றில் கலந்துகொள்ளப் போகிறவர்களை முன்கூட்டியே ஒவ்வொருவராகத் தனியாக வீடியோவில் சந்திக்கிறேன். ஆள் சரிதானா, கருவி சரிதானா, உட்கார்ந்திருக்கும் அறை சரிதானா என்று பார்க்கிறேன். கூட்டத்தன்று வாசலில் நின்று உள்ளே விடுகிறேன். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருக்காது. உள்ளே என்ன பேசினார்கள் என்பதும் பெரும்பாலும் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

2020க்கு முன்பு இப்படி ஒரு வேலை இருக்கும் என்றே பலர் யோசித்திருக்க மாட்டார்கள். 2019 டிசம்பரில் ஸூம் கூட்டங்களில் ஒரு நாளைக்குப் பங்கேற்றவர்கள் அதிகபட்சம் சுமார் 1 கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடியைத் தாண்டியது. (ஒரே ஆள் ஐந்து கூட்டத்துக்குப் போனால் ஐந்தாக எண்ணும் கணக்கு இது. இருந்தாலும் பெரிய தாவல்தான்.) அழைக்காதவர்களும் கூடவே வந்தார்கள். வகுப்புகளுக்குள் நுழைந்து ஆபாசப் படம் காட்டினார்கள், கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். மார்ச் 30 அன்று எஃப்.பி.ஐ.யின் பாஸ்டன் அலுவலகமே எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. அடுத்த சில நாட்களில் ஸூம் நிறுவனத்தார் பாஸ்வேர்டும் காத்திருப்பு அறையும் தானாகவே இயங்கும்படி மாற்றினார்கள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று பலரும் நிம்மதியானார்கள்.

முடியவில்லை. அந்த எச்சரிக்கைக்கு மறுநாள்தான் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் தன் அமைச்சரவைக் கூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ட்விட்டரில் போட்டார். கூட்டத்தின் அடையாள எண் அதில் அப்படியே தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்தது இன்னும் மோசம். ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்கள் ரகசியமாக வீடியோவில் கூடினார்கள். நெதர்லாந்து அமைச்சர் தரப்பில் ட்விட்டரில் வந்த ஒரு படத்தில், நுழைவதற்கான முகவரியும் ஆறு இலக்க ரகசிய எண்ணில் ஐந்து இலக்கங்களும் இருந்தன. டானியல் வெர்லான் என்ற டச்சுப் பத்திரிகையாளர் மீதி ஓர் இலக்கத்தை ஊகித்து உள்ளே போய்க் கையசைத்தார். இது குற்றம், போலீஸ் வருவதற்குள் கிளம்பிவிடுங்கள் என்று ஒன்றியத்தின் அப்போதைய வெளியுறவுக் கொள்கைத் தலைவர் ஜோசப் பொரெல் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. எனக்கு அது சிரிப்பாக வரவில்லை. பூட்டை யாரும் உடைக்கவில்லையே! அழைக்கப்பட்டவர் தரப்பே சாவியைக் காட்டிவிட்டது.

2024 மார்ச்சில் வெளியான ஜெர்மன் விமானப்படை அதிகாரிகளின் உரையாடலும் இதே வகைதான். டாரஸ் ஏவுகணை பற்றி அவர்கள் வெபெக்ஸ் என்ற வீடியோ கூட்டச் செயலியில் பேசிய அரைமணி நேரத்துக்கும் மேலான ஒலிப்பதிவை ரஷ்யத் தரப்பு வெளியிட்டது. ஓர் அதிகாரி சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலில் இருந்து, பாதுகாப்பில்லாத இணைப்பு வழியாக அதில் சேர்ந்திருக்கிறார். கட்டமைப்பு எதுவும் உடைபடவில்லை, அது தனி மனிதர் செய்த தவறு என்றார் பாதுகாப்பு அமைச்சர் பிஸ்டோரியுஸ். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் "எங்கிருந்து சேரப் போகிறீர்கள், எந்த இணைப்பில்?" என்று முந்தின நாள் ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? என் பார்வையில் அது கேட்கப்படாமல் போன கேள்வியின் தவறும்கூட.

ஆகவே ஆளைச் சரிபார்ப்பதும் ஆளைத் தயார்ப்படுத்துவதும் எனக்கு ஒரே வேலை. பல இடங்களில் முதலாவதைப் பாதுகாப்புப் பிரிவும் இரண்டாவதைத் தொழில்நுட்ப உதவிப் பிரிவும் செய்கின்றன. இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. மைக் சரியாக இருக்கிறதா என்று பேசிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் ஓர் ஆளைப் பற்றித் தெரியவருவது, அடையாள அட்டையைப் பார்த்துத் தெரிவதைவிட அதிகம்.

அட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அடையாள அட்டையைக் கேமராவில் காட்டச் சொல்வது எனக்குப் பிடிக்காது. வெப்கேமராவில் மங்கலாகத் தெரியும் அட்டை அசலா போலியா என்று என்னால் சொல்ல முடியாது. அது எங்காவது பதிவாகிவிட்டால் நான் காக்க வேண்டிய ரகசியம் ஒன்று கூடிவிடும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, எங்களிடம் ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்கு நானே அழைத்துப் பேசுகிறேன். மின்னஞ்சலின் அடியில் போட்டிருக்கும் எண்ணுக்கு அல்ல. மின்னஞ்சலே போலி என்றால் அந்த எண்ணும் போலியாகத்தானே இருக்கும்? ஆளுக்கு ஒரு தனி லிங்க் கொடுக்கிறேன். ஒரே லிங்க்கில் இரண்டு பேர் வந்தால் உடனே தெரிந்துவிடும். காத்திருப்பு அறையில் தெரியும் பெயரை நான் பெயராகவே எடுத்துக்கொள்வதில்லை. அது அந்த ஆள் தட்டச்சு செய்தது. நானேகூடக் கூட்டத் தலைவரின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கலாம்.

முகத்தையே நம்பக் கூடாத காலம் இது. ஹாங்காங்கில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் நிதிப்பிரிவு ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் பார்த்து, அவர்கள் சொன்னபடி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எல்லோரும் டீப்ஃபேக், அதாவது ஏஐ கொண்டு செய்த போலி உருவங்கள் என்று 2024 பிப்ரவரியில் போலீஸ் சொன்னது. அதன் பிறகு "தலையைப் பக்கவாட்டில் திருப்புங்க", "முகத்துக்கு முன்னால கையை ஆட்டுங்க" என்றெல்லாம் சோதனைகள் பிரபலமாயின. நானும் செய்யச் சொல்வதுண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி யாரையும் உள்ளே விடுவதில்லை. அந்தத் தொழில்நுட்பம் மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டே வருகிறது. வேறொரு வழியில் அழைத்துப் பேசுவது மட்டும் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

அந்தச் சம்பவத்தில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஏமாந்தவர் அழைக்கப்பட்ட ஆள். ஏமாற்றியவர்கள்தான் கூட்டத்தை நடத்தினார்கள். அப்படியானால் சரிபார்ப்பு ஒருவழிப் பாதையாக இருந்தால் போதாது. "நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிற சிலர் இருக்கிறார்கள். கொஞ்சம் கடுப்பாகவே கேட்பார்கள். எனக்கு அவர்களை மிகவும் பிடிக்கும். அலுவலகப் பொது எண்ணுக்கு அழைத்து என்னை இணைக்கச் சொல்லுங்கள் என்பேன். அப்படிக் கேட்கிறவர், கூட்டத்தன்று யாரோ "லிங்க் மாறிடுச்சு, இதுல வாங்க" என்று செய்தி அனுப்பினால் அதைத் தொடமாட்டார்.

கருவி விஷயத்தில் சிக்கல்கள் பெரும்பாலும் பழகியவைதான். மேக்கில் முதல் முறை ஸ்கிரீன் ஷேர் செய்யப் போனால் அனுமதி கேட்கும். கொடுத்த பிறகு செயலியை மூடித் திறக்கச் சொல்லும். முக்கியமான விளக்கத்தின் நடுவில் ஒருவர் காணாமல் போக இது ஒன்றே போதும். ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாகக் கேட்கும். அதன் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். கம்பி வைத்த சாதாரண ஹெட்செட்டே மேல். அப்புறம், எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் (கலந்துகொள்பவர்களைத் தவிர வேறு யாரும் கேட்க முடியாத குறியாக்கம்) போட்டு நடத்தும் ஸூம் கூட்டத்தில் சாதாரண தொலைபேசியிலிருந்து டயல் செய்து சேர முடியாது. "வண்டியில் வந்துகொண்டே ஃபோனில் கேட்டுக்கொள்கிறேன்" என்று இருப்பவருக்கு இதை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கடைசி நிமிடத்தில் தலைவர் "சரி, அந்த செட்டிங்கை எடுத்துடுங்க" என்பார். பாதுகாப்பு ஏற்பாடுகள் கழன்று விழுவது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை, அவசரத்தில் நடந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட எனக்குத் தலைவலி தருவது, குறிப்பெடுக்கும் செயலிகள். ஒருவர் எப்போதோ ஒரு ஏஐ குறிப்பெடுப்பானைத் தன் காலண்டரோடு இணைத்திருப்பார், பிறகு மறந்திருப்பார். கூட்ட நேரம் வந்ததும் அது அவர் பெயரிலேயே காத்திருப்பு அறையில் வந்து நிற்கும். சில சமயம் அவர் வராவிட்டாலும் அது வந்துவிடும்! உள்ளே விட்டால் பேசியதெல்லாம் எழுத்தாகி, யாருடைய சர்வரிலோ போய் உட்கார்ந்துவிடும். இப்போதெல்லாம் முன்சந்திப்பில் நேராகக் கேட்டுவிடுகிறேன்: "உங்க காலண்டர்ல எந்தெந்தச் செயலி இணைச்சிருக்கீங்க, திறந்து பாருங்க." பாதிப் பேர் திறந்து பார்த்துவிட்டு, "அடடே, இது எப்ப சேர்த்தேன்?" என்கிறார்கள்.

அறையைப் பற்றிக் கேட்பது கொஞ்சம் கூச்சமான கட்டம். கேமராவை ஒரு சுற்று சுற்றிக் காட்டுங்கள் என்றால் சிலருக்குக் கோபம் வரும். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லிச் சமாளிக்கிற சக ஊழியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தை அப்படியே சொல்கிறேன். பின்னால் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதியது, மேசையில் ஒட்டிய சீட்டு, குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்பீக்கர், கதவுக்கு அந்தப் பக்கம் யார் என்று வரிசையாகச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள். மூக்குக் கண்ணாடிகூட விஷயம்தான். 720பி வெப்கேமராவில், கண்ணாடியில் பிரதிபலித்த 10 மில்லிமீட்டர் உயர எழுத்துகளை 75 சதவீதத்துக்கும் மேல் சரியாகப் படிக்க முடிந்ததாக 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. அதற்காகக் கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று நான் சொல்வதில்லை. ரகசியக் கோப்பை அந்த நேரத்தில் திரையில் பெரிதாகத் திறந்து வைக்காதீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதவி ஏற ஏற இந்த முன்சந்திப்புக்கு வருவது குறைகிறது. "சார் நேரா வந்துடுவார், நான் செக் பண்ணிட்டேன்" என்று உதவியாளர் சொல்வார். அவர் சோதித்தது அவருடைய லாப்டாப்பை, அவருடைய அறையில். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் நீதிமன்ற விசாரணையில் ஒரு வழக்கறிஞர் பூனை முகத்தோடு வந்து, தான் பூனை இல்லை என்று நீதிபதியிடம் சொன்னது நினைவிருக்கும். அவர் உட்கார்ந்திருந்தது உதவியாளருடைய கணினியில். நான் இப்போது உதவியாளருக்கென்று தனி லிங்க் கொடுத்து, அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். எப்படியும் அருகில் இருக்கப் போகிறார். இல்லாததுபோலக் காட்டிக்கொண்டு இருப்பதைவிட, இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்து இருப்பது நல்லது. அதன் பிறகும் "சார் ஐந்து நிமிஷம் வரணும்" என்று பிடிவாதம் பிடிப்பேன். ஐந்து நிமிடத்துக்கு வராத ஆட்கள் மிகவும் குறைவு. கேட்கத்தான் நிறைய பேர் தயங்குகிறார்கள்.

இதற்கு நேரெதிர், விசாரணைகளில் சாட்சி சொல்ல வருகிறவர்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, கேட்டதையெல்லாம் செய்வார்கள். ஆனால் பயந்திருப்பார்கள். அவர்களிடம் கருவியைப் பற்றி முதலில் பேசமாட்டேன். திரையில் யார் யார் தெரிவார்கள், உங்களை யார் பார்க்க முடியும், பதிவு உண்டா இல்லையா, அதை யார் வைத்திருப்பார்கள், இடையில் தண்ணீர் குடிக்க நிறுத்தச் சொல்லலாமா என்று சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் இறங்கிவிடும். "கேள்வி கேட்பவர் முகத்தை மட்டும் பெரிதாக வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு பெண் கேட்டார். தாராளமாக. அதை எப்படிச் செய்வது என்று காட்டிய பிறகுதான் அவர் தோள் தளர்ந்தது. பயந்த ஆள் பாதுகாப்பு விதிகளையும் சரியாகக் கேட்டுக்கொள்ள மாட்டார். தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்.

கூட்டத்தன்று மிக ஆபத்தான நேரம் தொடக்கம் அல்ல. இணைப்பு அறுந்து ஒருவர் திரும்ப வரும் நேரம். அப்போது உள்ளே பேச்சு சூடாக இருக்கும். காத்திருப்பு அறையில் பழகிய பெயர் ஒன்று தோன்றும். "அவர்தான், சீக்கிரம் விடுங்க" என்பார்கள். தொடக்கத்தில் அத்தனை கவனமாகப் பார்த்ததெல்லாம் இங்கே வீணாகப் போகலாம். அதனால் முன்சந்திப்பிலேயே ஒரு ஒப்பந்தம்: அறுந்து போனால் முதலில் என் ஃபோனுக்கு அழையுங்கள், பிறகு லிங்க்கைத் தொடுங்கள். உள்ளே விடும் உரிமை ஒரே ஆளிடம்தான் இருக்கும், அது தலைவரிடம் இருக்காது. எல்லோரும் வந்த பின் கூட்டத்தைப் பூட்டிவிடுவேன்.

அண்மையில் ஒரு கூட்டத்தில் தலைவருக்கே இணைப்பு அறுந்தது. நேராகக் காத்திருப்பு அறைக்கு வந்து நின்றார். நான் விடவில்லை. இரண்டு நிமிடம் கழித்து ஃபோன் வந்தது. எடுத்ததும் பதிவில் இருந்த எண்தானா என்று பார்த்துக்கொண்டேன். "நீங்க போட்ட விதிதான், தெரியும். இப்ப விடுங்க" என்றார். விட்டேன்.