சின்னவனுக்கு அம்மை

மார்ச் 3
குளிப்பாட்டும்போது பார்த்தேன், சின்னவன் முதுகில் நாலைந்து நீர்க்கொப்புளம். டாக்டர் பார்த்தவுடனே சின்னம்மை என்றார். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் கூடவே கூடாதாம் (அம்மை வந்த குழந்தைகளுக்கு அதனால் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்). நாங்கள் திரும்புவதற்குள் அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்.

மார்ச் 4
"அம்மா வந்திருக்கா, சத்தம் போடாதே." தாளிப்பு கிடையாது, அவனுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, வெளியாள் யாரும் வரக்கூடாது. எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை, அந்த வேப்பிலையைப் பார்த்தால் கேபிள் காசு வாங்க வருபவர்கூட கேட்டிலேயே நின்றுவிடுகிறார், நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா? ஆனால் இது கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும், காற்றிலும் பரவும். ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூக்கிக் கொஞ்சியவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். மாடி வீட்டுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள், அவளை நினைத்துத்தான் பயம். சின்ன வயதிலேயே அம்மை போட்டுவிட்டதாம், அப்பாடா. இருந்தாலும் அவள் டாக்டரிடம் சொல்லி வைக்கச் சொன்னேன்.

பெரியவளுக்கு இதுவரை வந்ததில்லை. இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லாததால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும், நாங்களும் போடவில்லை. தொற்றிய 3 முதல் 5 நாளுக்குள் போட்டால் வராமல் போகலாம், வந்தாலும் லேசாக வருமாம். சாயங்காலமே போட்டாயிற்று.

மார்ச் 6
அரிப்பு தாங்காமல் அழுகிறான். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன், சொறிந்து புண்ணாகி அதில் வேறு கிருமி சேர்ந்தால்தான் தொல்லை. அத்தை வேப்பங்கொத்தால் தடவிவிட்டால் சமாதானமாகிறான். ஜன்னல்கள் திறந்தே கிடக்கின்றன. அவன் துண்டு, தலையணை உறை எல்லாம் வெந்நீரில் துவைத்து மொட்டைமாடி வெயிலில்.

மார்ச் 9
நாளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்கிறார் அத்தை. தண்ணீர் தாராளமாக ஊற்றட்டும், பள்ளிக்கூடம்தான் இப்போது வேண்டாம். தலைமுடிக்குள் இன்னும் ஈரக் கொப்புளம் இருக்கிறது. எத்தனை நாள் ஆனது என்பது கணக்கில்லை, கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்ட வேண்டும். அத்தைக்குக் கொஞ்சம் முகம் வாடியது, சரி.

மார்ச் 13
எல்லாம் காய்ந்துவிட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறான். பெரியவள் விஷயம் இன்னும் முடியவில்லை, தொற்றினால் வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம் என்பதால் ஏப்ரல் முதல் வாரம் வரை தினமும் அவள் முதுகைப் பார்க்க வேண்டும். டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.