வாக்குச்சீட்டில் ஒரு பெயர் ஏற 45,000 கையெழுத்து

நியூயார்க் மாநிலத்தில் அங்கீகாரம் இல்லாத ஒரு கட்சி ஆளுநர் பதவிக்கோ அதிபர் பதவிக்கோ ஆளை நிறுத்த நினைத்தால், 42 நாளுக்குள் 45,000 வாக்காளர்களின் செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். மாநிலத்தின் 26 காங்கிரஸ் (நாடாளுமன்ற) தொகுதிகளில் பாதியிலாவது தலா 500 பேர் இருந்தாக வேண்டும். 2020இல் சட்டம் மாறும்வரை 15,000 போதுமாக இருந்தது. பெரிய கட்சிக்காரர் கதை வேறு. ஆளுநர் பதவிக்கு நிற்பவர் தம் கட்சியின் மாநிலக் குழுவில் 25 சதவீத ஆதரவைத் திரட்டினால், ஒரு கையெழுத்துகூட வாங்காமல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் நின்றுவிடலாம்.

அரசின் தலையீடு குறைய வேண்டும் என்னும் சிறிய கட்சியான லிபர்டேரியன் கட்சிக்காகக் கையெழுத்து வாங்கத் தெருவில் நிற்பவர்கள் முதலில் போடுவது இந்தக் கணக்கைத்தான். வாங்கும் கையெழுத்தில் கணிசமான பங்கு செல்லாது என்று அடிபடும் என்பதால் ஒன்றரை மடங்கு, அதாவது 67,500 இலக்கு. நாளொன்றுக்கு 1,600க்கு மேல். ஒருவர் மணிக்குப் பத்து வாங்குகிறார், எட்டு மணி நேரம் நிற்கிறார் என்று வைத்தால், மழை வெயில் பாராமல் தினமும் இருபது பேர் வேண்டும். வேலைக்குப் போகும் தொண்டர்களை மட்டும் நம்பினால் இது நடக்காது. கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

அடிபடுவது ஏன்? வீடு மாறியவர் புது முகவரியை எழுதுவார். வாக்காளர் பட்டியலில் பழையதுதான் இருக்கும். பதிவு செய்திருப்பதாக உறுதியாக நம்புபவர் பட்டியலிலேயே இருக்கமாட்டார். அதே பதவிக்கு வேறொருவர் மனுவில் முன்பே கையெழுத்திட்டவரின் இரண்டாவது கையெழுத்து செல்லாது. கிறுக்கலாக எழுதினால் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. இவையெல்லாம் ஒரு வரியோடு போகும். தாளின் அடியில், கையெழுத்து வாங்கியவர் தரும் சாட்சி வாசகம்தான் ஆபத்தானது. தேதி, அந்தத் தாளில் எத்தனை கையெழுத்து என்ற எண், சாட்சியின் கையெழுத்து ஆகியவற்றில் ஏதாவது பிசகினால் தாள் முழுவதுமே ஆட்சேபத்துக்கு ஆளாகும். அன்றன்று மாலையே தாள்களைப் பட்டியலோடு சரிபார்க்கும் குழு தப்பிக்கும். கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடும் குழுவுக்கு, குறை தெரியவரும்போது அதை ஈடுகட்ட நாள் இருக்காது.

பேச்சில் பலர் சறுக்குவது கொள்கை விளக்கத்தில். வரி, போதைப்பொருள் சட்டம் என்று ஆரம்பித்தால் ஒருவருக்கே பத்து நிமிடம் போய்விடும். கையெழுத்திடுபவர் அந்த வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டியதில்லை, சீட்டில் பெயர் இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டால் போதும். அதைச் சொல்லிப் பேனாவை நீட்டுவதே நல்லது. "வாக்கு வீணாகும்" என்பவரோடு வாதாடாமல் நகர்ந்துவிடலாம்.

ஆனாலும் இந்த வேலைக்கு ஆள் வருகிறார்கள் என்றால், பெரிய கட்சிகள் மீதுள்ள கசப்பு அப்படி. வரி, துப்பாக்கி உரிமை என்றால் குடியரசுக் கட்சியையும், குடியேற்றம், தனிமனித வாழ்க்கை என்றால் ஜனநாயகக் கட்சியையும் நோக்கித் தள்ளப்படுகிறார் லிபர்டேரியன் வாக்காளர். கைக்கு வருவதோ அரைகுறை. அரசின் கண்காணிப்பு அதிகாரத்தை விரித்த 2001 பேட்ரியாட் சட்டம் செனட்டில் 98-1 என்று நிறைவேறியது. நாட்டின் கடனும் இரு கட்சி ஆட்சிகளிலும் ஏறியபடியேதான் இருக்கிறது. இவர்களில் யாரைத் திட்டி என்ன? அடுத்த வேட்பாளரும் அதே வாசல் வழியாகத்தான் வருவார், அந்த வாசலுக்கு விதி எழுதுவதும் அந்தப் பெரிய கட்சிகள்தான்.

நியூயார்க்கில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஆளுநர் தேர்தலில் லிபர்டேரியன் வேட்பாளர் 90,000க்கு மேல் வாக்கு வாங்கினார். அப்போதைய வரம்பு 50,000 என்பதால் கட்சிக்கு முதன்முறையாக அங்கீகாரம் கிடைத்தது. நான்காண்டு நிலைக்க வேண்டிய அது, 2020 சட்டத்தால் இரண்டாண்டில் போயிற்று. புதிய வரம்பு, இரண்டாண்டுக்கு ஒருமுறை 130,000 வாக்கு அல்லது 2 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜோ ஜார்கன்சன் அந்த ஆண்டு அங்கே வாங்கியது சுமார் 60,000. 2022 ஆளுநர் தேர்தல் சீட்டில் ஜனநாயகக் கட்சியின் கேத்தி ஹோக்கல், குடியரசுக் கட்சியின் லீ செல்டின் என்று இரண்டே பெயர்.

45,000ஐத் தாண்டினாலும் மூச்சுவிட முடியாது. மனு கொடுத்த மூன்று நாளுக்குள், பதிவு செய்த வாக்காளர் யாரும் பொது ஆட்சேபம் எழுப்பலாம். அடுத்த ஆறு நாளில் வரி வரியாகக் குறை காட்டும் பட்டியல் வரும். ஆகவே தாள்களைக் கொடுக்கும் முன்பே ஒவ்வொன்றையும் நகலெடுத்து எண்ணிட்டு வைத்திருங்கள். வழக்கறிஞருக்கான செலவை முதல் நாளிலேயே ஒதுக்குங்கள், கையெழுத்து வாங்கப் போட்ட பணத்தில் அது சேராது.