அட்டை ராக்கெட் நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2024

இன்று விஜயதசமி. புதிதாக ஏதாவது தொடங்க நல்ல நாள் என்று மகள்தான் இழுத்து உட்கார வைத்தாள். இருவரும் சேர்ந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டை அட்டையில் செய்யப் போகிறோம். 2013-ல் மங்கள்யானைச் சுமந்து போன அதே வகை, அடியில் ஆறு துணை மோட்டார்களோடு. அளவு 1:100. நிஜ ராக்கெட்டின் உயரம் 44 மீட்டர், எங்களுடையது 44 சென்டிமீட்டர். 2.8 மீட்டர் விட்டம் 2.8 சென்டிமீட்டர் ஆகிவிடும். அவளே மனக்கணக்காகப் போடலாம், அதனால்தான் இந்த அளவு.

முதல் குழாயை வீட்டிலிருந்த சாதாரண ஏ4 தாளில் சுருட்டினோம். ஒட்டி முடித்துக் கையில் எடுத்ததும் நசுங்கிவிட்டது. அட்டை வாங்க வேண்டும்.

அக்டோபர் 13

200 ஜிஎஸ்எம் என்று கேட்டு வாங்கிய அட்டை கைக்குக் கொஞ்சம் மெலிதாகவே பட்டது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஏ4 தாள் பதினாறு சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 200 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு ஏ4 தாள் 12.5 கிராம், பத்துத் தாள் 125 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வைத்தோம். 102 கிராம்தான். கணக்குப் போட்டால் 163 ஜிஎஸ்எம்.

யோசித்துப் பார்த்தால் இந்த வேலைக்கு அதுவே சரி. துணை மோட்டார்கள் ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள். அதைவிடத் தடித்த அட்டை அவ்வளவு சின்னதாகச் சுருளாமல் உடையும். ஆனால் கையில் இருப்பது என்ன அட்டை என்று தெரிந்திருக்க வேண்டும். இனி எந்த அட்டை வாங்கினாலும் பத்துத் தாளை நிறுத்துப் பார்த்து, கட்டின் மேல் எழுதி வைப்போம்.

அக்டோபர் 19

ராக்கெட்டின் பாகங்கள் வரைந்த கோப்பை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, அட்டையில் லேசர் பிரிண்ட் எடுத்தோம். பார்க்க அவ்வளவு அழகு. சுருட்டத் தொடங்கியதும் மூவர்ணக் கொடியில் காவி நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து மகளின் விரல் நுனியில் ஒட்டியது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் அடியில் வெள்ளை அட்டை தெரிகிறது.

லேசரில் மை தாளுக்குள் ஊறுவதில்லை. டோனர் பொடி சூட்டில் உருகி மேலே படிகிறது, அவ்வளவுதான். தடித்த அட்டை சூட்டை நிறைய வாங்கிக்கொள்ளும். மெஷினில் சாதாரணத் தாள் என்றே விட்டுவைத்தால் பொடி முழுதாக உருகாது. திரும்பப் போய், தாள் வகையைத் தடித்த தாள் என்று மாற்றி எடுக்கச் சொன்னேன். இப்போது சுரண்டினாலும் வரவில்லை. கூரான மடிப்புகளில் மட்டும் இன்னும் மெல்லிய வெடிப்பு விழுகிறது. லேசர் என்றால் அது இருக்கத்தான் செய்யும்.

அக்டோபர் 20

குழாய்க்குள் வைக்கும் வட்டங்களை மட்டும் வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தேன். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தான் சரியாக வெட்டவில்லை என்று நினைத்து மகள் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்தேன்.

பக்க ஓரத்தில் 5 சென்டிமீட்டர் அளவுக்கோடு ஒன்று அச்சாகியிருக்கும். வீட்டு பிரிண்டில் அது சரியாக 50 மில்லிமீட்டர். கடை பிரிண்டில் 48.6. அங்கேதான் விஷயம். இந்தக் கோப்பு அமெரிக்க லெட்டர் தாளுக்கு வரைந்தது, அகலம் 216 மில்லிமீட்டர். ஏ4 அகலம் 210. கடையில் 'பக்கத்துக்குள் பொருத்து' என்ற அமைப்பில் எடுத்ததால் எல்லாம் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 28 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய குழாய் 27.2 ஆகிவிட்டது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கியிருந்தால் ராக்கெட் கொஞ்சம் சின்னதாகியிருக்கும், ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும். பாதி அங்கே, பாதி இங்கே எடுத்ததுதான் வினை. அவள் வெட்டியதில் ஒரு குறையும் இல்லை. அதை அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

எல்லாப் பக்கத்தையும் 100 சதவீதத்தில், வீட்டிலேயே மறுபடி எடுக்க வேண்டும். லெட்டர் பக்கம் ஏ4-ல் ஓரம் வெட்டுப்படுமோ என்று பயந்தேன். படம் ஓரத்திலிருந்து தள்ளியே இருப்பதால் வெட்டுப்படவில்லை.

அக்டோபர் 26

குழாய் உருண்டையாக வராமல் பட்டை பட்டையாக, பென்சில் போல மடிந்து நிற்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அம்மா முப்பது வருஷம் தையல் தைத்தவர். "நேர்ல வெட்டினியா, குறுக்குல வெட்டினியா?" என்றார். துணிக்குப் போலவே தாளுக்கும் நெடுக்கு உண்டு. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்துக்கொள்ளும்.

ஒரே அகலம், ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டினோம். ஒன்று தாளின் நீளவாக்கில், மற்றது அகலவாக்கில். இரண்டையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்தால் ஒன்று விறைப்பாக நின்றது, மற்றது தலை தொங்கிவிட்டது. நார் ஓடும் திசையில் வெட்டிய பட்டைதான் விறைப்பாக நிற்கும். தொங்கியது நீளவாக்கில் வெட்டியது. ஆக எங்கள் அட்டையில் நார் அகலவாக்கில் ஓடுகிறது. நாங்கள் அதற்கு எதிராகச் சுருட்டியிருக்கிறோம். குழாயின் உயரமும் நார் ஓடும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாலை வேறு கடையில், அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்து வாங்கினேன். அதே ஜிஎஸ்எம், ஆனால் மேசை விளிம்பில் ஒருமுறை இழுத்ததுமே தானாகச் சுருண்டுகொண்டது.

அக்டோபர் 27

மழை. இங்க்ஜெட்டில் அச்சிட்டதை ஈரக்கையோடு தொட்டதில் கொடியின் பச்சை வெள்ளையில் இறங்கிவிட்டது. எங்கள் பிரிண்டர் மை தண்ணீரில் கரையும் சாய மை. அச்சிட்ட பக்கத்தை ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, மேட் வார்னிஷ் ஸ்பிரே மெல்லிசாக இரண்டு முறை அடித்த பிறகுதான் இனி வெட்டுவோம். ஒட்டு மடிப்புகளில் வார்னிஷ் படாமல் மறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பசை பிடிக்காது.

பசையிலும் தண்ணீர்தான் சிக்கல். வெள்ளைப் பசையை டப்பாவிலிருந்து நேராகப் பிழிந்தால் அட்டை ஊறி அலை அலையாக எழும்புகிறது. ஒரு துளியைத் தட்டில் விட்டு, பல்குத்தும் குச்சியால் மெல்லிய படலமாகத் தடவி, அரை நிமிடம் விட்டு ஒட்டினால் அலை இல்லை.

நவம்பர் 2

தீபாவளி விடுமுறை. திறந்து வைத்திருந்த அட்டைக் கட்டு ஈரக்காற்றில் ஓரம் வளைந்து, பிரிண்டரில் மூன்று முறை சிக்கியது. முன்பக்க டிரேயில் வைத்தால் தாள் உள்ளே முழுதாகத் திரும்பி வர வேண்டும். பின்பக்க வழியாக ஒவ்வொன்றாகக் கொடுத்தால் சிக்கவில்லை. மிச்ச அட்டையைப் பாலிதீன் கவரில் போட்டு, மேலே கனமான அகராதி ஒன்றை வைத்தாகிவிட்டது.

நவம்பர் 3

வெட்டிய ஓரங்களின் வெள்ளைக் கோடு கண்ணை உறுத்தியது. மகள் கலர் பென்சிலைப் படுக்கவைத்து ஓரம் ஓரமாகத் தேய்த்தாள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள், அது உள்ளே ஊறுமாம்.

முதல் நிலைக் குழாய் நேராக நிற்கிறது. வட்டம் உள்ளே போகும்போது லேசாக 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவு பொருத்தம். துணை மோட்டார்கள் ஆறில் நான்கு ஆயிற்று. மீதி இரண்டும் ஸ்வெட்டர் பின்னும் ஊசியில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜன்னலோரம் காய்கின்றன.