பாங்காக்கில் முதல் நாள்: மரகத புத்தர் முதல் ஊஞ்சல் கம்பம் வரை

முதல் நாள் முழுவதையும் ரத்தனகோசின் எனப்படும் பழைய நகருக்கே ஒதுக்கிவிடுவது என்று அம்மாவும் நானும் புறப்படும் முன்பே பேசி வைத்திருந்தோம். கடைத்தெருவும் இரவுச் சந்தையும் எங்கும் ஓடிப்போய்விடாது. 1782இல் முதலாம் ராமா மன்னர் சாவ் ப்ரயா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை நிறுவினார். அரண்மனையும் அதைச் சுற்றிய பெரிய கோயில்களும் இன்றும் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன.

சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அரண்மனை மதிலை ஒட்டி நடந்தோம். வழியில் ஒருவர் மிகவும் பணிவாக வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில்களுக்கு ஆட்டோவில் அழைத்துப்போகிறேன்" என்றார். இந்தப் பேச்சை நம்பவே வேண்டாம். நேராக வாசல் வரை போய்ப் பாருங்கள். காலை எட்டரைக்குக் கதவு திறந்தேதான் இருந்தது. வெளிநாட்டவருக்கு 500 பாட் டிக்கெட். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். புடவையில் வந்த அம்மாவை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் வாட் ப்ரா கேவ் கோயிலில்தான் மரகத புத்தர் வீற்றிருக்கிறார். கூட்டம் முழுவதும் அவரைப் பார்க்கத்தான் விரைகிறது. நாங்கள் அதற்கு முன் சுற்றுப் பிரகாரத்துக்குள் நுழைந்தோம், வெளியே வர மனமே வரவில்லை. சுவர் முழுக்க ராமகியன், அதாவது தாய்லாந்தின் ராமாயணம், 178 ஓவியங்களாக விரிகிறது. பொன் பூசிய அரண்மனைகள், பச்சை முகத்துடன் பத்துத் தலை ராவணன், கடலுக்குக் குறுக்கே கல் சுமக்கும் வானரங்கள். கம்பனைப் பாடமாகப் படித்தவர் அம்மா. ஒவ்வொரு காட்சியாக அடையாளம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். கடலுக்கடியில் ஒரு மீன்கன்னியை அனுமன் துரத்திக்கொண்டிருந்தார்.

"இது யார்?"

"ராவணனுடைய மகள் அம்மா, சுவன்னமச்சா. பாலம் கட்டப் போட்ட கற்களைத் தன் மீன் கூட்டத்தோடு வந்து எடுத்துப்போகிறாள். தடுக்கப் போன அனுமன் அவளிடம் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறார். இருவருக்கும் ஒரு மகன்கூடப் பிறக்கிறான்."

"அனுமனுக்கா!" என்றவர், சற்று நேரம் பார்த்துவிட்டு, "இவர்கள் ஊர்க் கதை இவர்களுக்கு" என்று நகர்ந்தார். எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. கதை ஒரு நாட்டில் வேர் பிடித்த பிறகு அந்த மண்ணுக்கேற்பத்தான் வளரும். சன்னிதிக்கு ஓடுகிறவர்கள் இந்தச் சுவர்களுக்கு ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

மரகத புத்தர் 66 சென்டிமீட்டர் உயரமே உள்ளவர். உயர்ந்த பீடத்தின் உச்சியில் மிகச் சிறியதாகத் தெரிகிறார். கோடை, மழை, குளிர் என்று பருவத்துக்கொன்றாக மூன்று பொன்னாடைகள். மாற்றிவிடுவது மன்னரின் கடமை. உள்ளே படம் எடுக்கக் கூடாது. பாதம் புத்தரை நோக்காதபடி காலை மடக்கி உட்கார வேண்டும்.

அடுத்து வாட் போ. 46 மீட்டர் நீளத்துக்குப் பள்ளிகொண்ட புத்தர். தூண்களுக்கு இடையே துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிகிறது. பாதங்களருகே வந்தபோதுதான் கண் நிலைத்தது. கறுத்த உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியால் இழைத்திருக்கிறார்கள். தலையை அசைத்தால் ஒவ்வொரு கட்டமும் இளஞ்சிவப்பும் பச்சையுமாக நிறம் மாறுகிறது. முதுகுப்புறச் சுவரோரம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். மண்டபம் முழுக்க அந்தக் கிணுகிணுப்புத்தான்.

மதிய உணவு மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும். சைவம் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துள்ள 'ஜே' பலகையைத் தேடினால் போதும்.

தா தியென் படித்துறையிலிருந்து படகில் அக்கரைக்குப் போனால் வாட் அருண். மரகத புத்தர் 1784இல் இக்கரைக்கு வரும்வரை அங்கேதான் இருந்தார். தூரத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் கோபுரம் கிட்டே போகப் போகப் பூத்துவிடுகிறது. எல்லாம் சீனப் பீங்கான் துண்டுகள். ஒரு பூவை உற்றுப் பார்த்தேன். நடுவில் சிறு தட்டின் அடிப்பாகம். இதழ்கள் உடைந்த கிண்ணத்தின் வளைந்த ஓடுகள். ஓர் இதழில் யாரோ எப்போதோ தீட்டிய நீலக் கோடு பாதியில் நிற்கிறது. இப்படி ஆயிரமாயிரம் பூக்கள். படிகள் செங்குத்து. அம்மா கீழேயே உட்கார்ந்து, மேல் தளத்தைத் தோளில் தாங்கும் அரக்கர்களையும் வானரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாதி ஏறி, மாடத்தில் மும்முக ஐராவதத்தின் மேல் இந்திரனைக் கண்டு இறங்கினேன்.

மாலைக்குள் பார்த்தே தீர வேண்டும் என்று வைத்திருந்தது கடைசி இடம். சனாம் சாயிலிருந்து ஒரே நிலையம், சாம் யோட். சற்று நடந்தால் வாட் சுதாட் கோயிலுக்கு முன்னால் சிவப்பு நிறத்தில் நிற்கிறது சாவ் சிங் சா, பெரிய ஊஞ்சல். சிவபெருமான் பூமிக்கு வருவதைக் கொண்டாடி இதில் ஆடுவார்களாம். உயரக் கம்பத்தில் தொங்கும் காசுப் பையை ஆடியபடியே பல்லால் கவ்வ வேண்டும். ஆபத்தான அந்த ஆட்டம் 1935இல் நின்றுபோனது. இப்போதுள்ள தேக்குக் கம்பங்கள் 2007இல் நிறுத்தியவை.

அருகிலேயே வெள்ளைச் சுவருடன் தேவஸ்தானம். முடிசூட்டு விழா, அரச ஏர்ப்பூட்டு விழா ஆகியவற்றை நடத்திக் கொடுக்கும் தாய்லாந்து அந்தணர்களின் கோயில் இது. சிவன், பிள்ளையார், திருமால் மூவருக்கும் தனித்தனி மண்டபங்கள். ஆண்டுதோறும் இங்கு நடக்கும் விழாவில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையை ஓதுகிறார்கள். கிரந்த எழுத்துச் சுவடிகளின் வழியே தலைமுறை தலைமுறையாக வந்த பாட்டு. உச்சரிப்பு உருமாறிவிட்டது, பொருள் தெரிந்து ஓதுவதுமில்லை. ஆனால் விடாமல் ஓதுகிறார்கள். பேசும் மொழி போன பிறகும் பாடலைக் காத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பற்று!

சிவன் மண்டபத்தில் உட்கார்ந்து அம்மா முதல் இரண்டு பாடல்களைப் பாடினார். விழாத் தேதியை விசாரித்து அடுத்த பயணத்துக்கு டிக்கெட் எடுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. நாளை காலை சீலோம் மாரியம்மன் கோயில்.