பேதி யார் கணக்கில்?

கணையப் புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வுகளில், பக்கவிளைவுப் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் விட அதிக நேரம் பிடிப்பது 'காரணம்' என்ற கட்டம்தான். நோயாளிக்குப் பேதி. அது கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையாலா, கதிராலா, கணையம் சுரக்காததாலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. டிக் தவறான இடத்தில் விழுந்தால் நோயாளியும் தேற மாட்டார், ஆய்வும் பொய் சொல்லும்.

மும்பையில் இந்தச் சிகிச்சைக்கு வரும் தமிழர்களில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்க்காரர்கள் உண்டு. ஊரிலிருந்து துணைக்கு ஒருவரோடு வந்து மாதக்கணக்கில் தங்குபவர்களும் உண்டு. கேள்வி இந்தியில் வரும். இவர்கள் "லூஸ் மோஷன்" என்று தலையாட்டுவார்கள். பேதி என்று ஏறிவிடும். தமிழில் உட்கார்ந்து கேட்டால்தான் மற்றது வரும். கதிர்வீச்சுக்கு இவர்கள் பேச்சில் 'கரண்ட்'.

"கரண்ட் வைக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீங்கம்மா?"

"அப்பவே நாலு தடவை போவேன் தம்பி."

"தண்ணியாவா?"

"இல்ல, வெளுப்பா. எண்ணெய் மிதக்கும். எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகாது."

இது கணையம் சுரக்காததால் கொழுப்பு செரிக்காத மலம். பேதியின் தரம், சிகிச்சைக்கு முன்பிருந்த எண்ணிக்கைக்கு மேல் எத்தனை கூடியது என்பதை வைத்துத்தான்: நான்குக்குக் குறைவாகக் கூடினால் முதல் தரம், 4 முதல் 6 வரை இரண்டாம் தரம், 7 அல்லது அதற்கு மேல் மூன்றாம் தரம். முதல் நாளே பழைய எண்ணிக்கையை எழுதாவிட்டால், இந்த அம்மாவின் நான்கு தடவையும் கதிரின் தலையில் இரண்டாம் தரமாக விழும்.

இவருக்கு வேண்டியது கணைய நொதி கேப்சூல். பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் வரை தொடங்குவார்கள். 25,000 கேப்சூலானால் இரண்டு. முதல் வாய்ச் சோற்றோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் இன்னொன்று. எல்லா மாத்திரையும் சாப்பிட்ட பிறகுதான் என்ற பழக்கத்தில் கை கழுவிவிட்டு விழுங்குபவர்களே அதிகம். அப்போது நொதி உணவோடு கலப்பதில்லை. எடை இறங்குகிறது, பழி கதிருக்குப் போகிறது.

கேப்சிடபின் பேதி தண்ணீராகப் போகும், இரவிலும் எழுப்பும். உள்ளங்கை சிவந்து எரிவதும் வாய்ப்புண்ணும் கூடவே வரலாம். முதல் ஓரிரு வாரத்திலேயே இவை கடுமையாகி வெள்ளணுவும் சரிந்தால், மருந்தை உடைக்கும் டிபிடி நொதி குறைவோ என்று சந்தேகித்து மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். அங்கே ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது ஆபத்து.

வழக்கமான கதிர் அட்டவணை நாளுக்கு 1.8 கிரே (கதிரின் அளவு) வீதம் 28 நாள், மொத்தம் 50.4 கிரே. கதிர் உள்ள நாள்களில் மட்டும் கேப்சிடபின், உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 825 மில்லிகிராம் இருவேளை, சாப்பிட்ட அரை மணிக்குள். 155 சென்டிமீட்டர், 60 கிலோ என்றால் உடல் பரப்பு 1.6, ஒரு வேளைக்கு 1,320, கொடுப்பது 1,300: ஐந்நூறு மாத்திரையில் இரண்டு, நூற்றைம்பதில் இரண்டு. வாரத்துக்கு இரண்டிலும் இருபது இருபது. வெள்ளிக்கிழமை காலி அட்டையை வாங்கி எண்ணுவது சலிப்பான வேலைதான், ஆனால் விட முடியாது. மழையில் லோக்கல் ரயில் நின்று கதிருக்கு வர முடியாத நாளிலும், சனி ஞாயிறிலும் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தது இந்த எண்ணிக்கையில்தான் பிடிபடும்.

காய்ச்சலுக்கும் இதே சிக்கல். குளிர் நடுக்கத்தோடு வந்தால் வெள்ளணு குறைந்ததா, பித்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் குழல் அடைத்ததா? பிளாஸ்டிக் ஸ்டென்ட் மூன்று மாத வாக்கில் அடைத்துக்கொள்வது சகஜம். ரத்த அணுக்களையும், பித்த நிறமியான பிலிருபினையும் ஒரே ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். ஸ்டென்ட் அடைத்தால், கட்டியைக் கவனிக்கப் பார்க்கும் ரத்தக் குறியீடான சிஏ 19-9 எண்ணும் ஏறும். அதே நாள் பிலிருபினைப் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர் நோய் முற்றியது என்று எழுதிவிடுவார். நன்றாகப் போய்க்கொண்டிருந்த சிகிச்சை நின்றுவிடும்.

இந்த நோயின் ஆய்வுகளில் ஒப்பிடும் இரு பிரிவுகளுக்கும் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. 2016இல் வெளிவந்த எல்ஏபி07 ஆய்வில் 442 பேருக்கு முதலில் நான்கு மாதம் கீமோ கொடுத்து, நோய் முற்றாத 269 பேரைத்தான் கீமோவைத் தொடர்வதா, கதிரா என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கீமோவையே தொடர்ந்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 16.5 மாதம், 54 கிரே கதிரும் கேப்சிடபினும் பெற்றவர்களுக்கு 15.2. ஆயுள் கூடவில்லை. ஆனால் கட்டி இருந்த இடத்திலேயே வளர்ந்தது கதிர் பிரிவில் 32 சதவீதம், மற்றதில் 46. மறுபடி சிகிச்சை தேவைப்படாமல் இருந்த காலமும் 3.7 மாதத்திலிருந்து 6.1 ஆனது. ஆயுள் கூடாத இடத்தில் அந்த இடைக்காலம் எப்படிக் கழிந்தது என்பதுதான் நோயாளிக்குப் பெரிது. அதைச் சொல்வது இந்தப் பக்கவிளைவுப் பக்கங்கள் மட்டுமே.

சனிக்கிழமை இரவு வீட்டுக்குப் பக்கத்து நர்ஸிங் ஹோமில் சேர்ந்துவிட்டால் திங்களன்று டிஸ்சார்ஜ் அட்டையைப் பார்த்துத்தான் ஆய்வுக் குழுவான நமக்குத் தெரிய வரும். படுக்கையில் சேர்த்தாலே அது தீவிர நிகழ்வு. மருந்துச் சோதனைகளுக்கான இந்திய அரசின் 2019 விதிகளின் கீழ் வரும் ஆய்வானால் ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், தாமதித்தால் காரணம் சொல்ல வேண்டும். அதனால் மாத்திரைக் கவரின் பின்புறத்தில் தமிழிலேயே எழுதிக் கொடுப்பது: 'காய்ச்சல் 100.4, நடுக்கம், மஞ்சள் மூத்திரம், ஏழு தடவைக்கு மேல் பேதி: எந்த நேரமானாலும் இந்த நம்பருக்கு.' துணைக்கு வந்தவரை ஒருமுறை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கவரைக் கையில் கொடுப்போம்.