உட்கார்ந்தால் இடிக்கும், படுத்தால் விட்டுவிடும்

குழந்தை பிறந்த மறுநாள் காலை பல் தேய்க்க எழுந்து உட்கார்ந்தேன். பின்மண்டையிலிருந்து நெற்றி வரை இடித்தது. கழுத்து விறைத்து, காதில் ஙொய்யென்று ஒரு சத்தம். அப்படியே சாய்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் வலி இல்லை. எழுந்தேன், திரும்ப வந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிரசவம். பிரசவ வலி குறைய முதுகில் எபிடியூரல் என்ற மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த ராத்திரியை அதனால்தான் தாண்டினேன். ஆனால் தலைவலியைச் சொன்னபோது, "தூக்கம் இல்லேல்லா, அதான்" என்று பாராசிட்டமால் கொடுத்து மூன்றாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அம்பாசமுத்திரம் வரை காரின் பின்சீட்டில் படுத்தே வந்தேன்.

வீட்டில் ஆச்சி, "பச்ச உடம்புல்லா, தலையில நீர் கோத்திருக்கு" என்று சுக்கு உரசிப் பற்றுப் போட்டாள். வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரையும் அளந்தே கொடுத்தாள். பிள்ளைக்கு ஒருக்களித்துப் படுத்துத்தான் பால் கொடுத்தேன். அவன் முகத்தை நேராகப் பார்க்கக்கூட முடியாமல் அழுதது நினைவிருக்கிறது.

நான்காம் நாள் திரும்பப் போய், மயக்க மருந்து டாக்டரையே பார்க்க வேண்டும் என்று கேட்டோம். முதலிலேயே இப்படிக் கேட்டிருக்க வேண்டும். அவர், "உக்காந்தா வருதா, படுத்தா விடுதா?" என்றுதான் ஆரம்பித்தார். எபிடியூரல் ஊசி தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் டூரா என்ற உறையைத் தவறிக் குத்திவிடுவது சுமார் 100 பேரில் ஒருவருக்கு நடக்குமாம். அந்தத் துளை வழியே மூளையைத் தாங்கும் நீர் கசிந்துவிடுகிறது. ஆக, நீர் கோத்ததால் வந்த வலி இல்லை, குறைந்ததால் வந்தது. நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், காப்பியும் குடிக்கலாம் என்றார்.

காய்ச்சல், ரத்த அழுத்தம், பார்வை எல்லாம் சோதித்தார். படுத்தும் விடாத வலி, காய்ச்சல், வலிப்பு, பார்வை மங்கல், கைகால் பலவீனம் இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அம்மாவிடமும் சொன்னார்.

மறுநாளும் வலி குறையாததால் பிளட் பேட்ச் செய்தார்கள். ஒருவர் என் கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுக்க, இன்னொருவர் அதைச் சூட்டோடு முதுகில் எபிடியூரல் போட்ட பகுதியிலேயே மெல்லச் செலுத்தினார். அது உறைந்து துளையை அடைக்கும். "கனமா இருந்தா சொல்லும்மா, நிப்பாட்டிருதேன்." இடுப்பில் கல்லை வைத்து அமுக்கியது போல இருந்தது. சொன்னேன், நிறுத்தினார்.

இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்துவிட்டு எழுந்தேன். வலி இல்லை. சிலருக்கு இன்னொரு முறை செய்ய வேண்டிவரும் என்றார்கள், எனக்கு அதோடு சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் குனியவோ கனம் தூக்கவோ வேண்டாம் என்றதால் அம்மாதான் பிள்ளையை எடுத்து மடியில் வைத்தாள். முதுகுவலி ஒரு வாரம் இருந்தது. ஆச்சி அன்று ராத்திரி சொம்பு நிறையத் தண்ணீரைத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தாள்.